ஆடி அமாவாசைக் கருவாடு

எங்கள் வீட்டுச் சமையலறை வருடத்தில் ஒரு நாள் இரண்டாகப் பிரியும். ஆடி அமாவாசையன்று அடுப்பின் இடது பக்கம் என் கணவருக்கு விரதச் சமையல் நடக்கும். வலது பக்கம் என் அப்பாவுக்குக் கருவாடு பொரியும். நடுவில் நான் இரண்டு அகப்பைகளோடு நிற்பேன். அகப்பை மாறிவிடக்கூடாது என்பதுதான் எனக்கு அன்றைக்கு இருக்கும் பெரிய பயம்.

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசையில் விரதம் இருப்பார்கள். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரைப் பௌர்ணமி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. என் கணவர் தன் தகப்பனாருக்காக அன்று காலையில் குளித்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, மத்தியானம் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவார். அந்தச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் இருந்தே ஆகவேண்டும். சின்னக் காய், வாயில் வைக்க முடியாத கசப்பு, வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அதற்கு மரியாதை. விமானம் ஏறி வந்து கனடாவில் மொன்றியல் தமிழ்க் கடையில் யானை விலைக்கு விற்கும். அவர் முகத்தைச் சுளிக்காமல் அதைத் தின்பார்.

என் அப்பாவுக்கு எண்பத்தேழு வயது. அவருடைய தகப்பனார் இப்போது உயிரோடு இருந்தால் உலகத்திலேயே மூத்த கிழவர் அவராகத்தான் இருப்பார். ஆனாலும் அப்பா ஆடி அமாவாசை விரதம் இருந்ததில்லை. இருக்காதது மட்டுமல்ல, அன்றைக்கென்று கேட்டுக் கருவாடு தின்பார். மற்ற நாட்களில் அதைத் தொடக்கூட மாட்டார். தன் தாய்க்காகச் சித்திரைப் பௌர்ணமி விரதம் பிடிக்கிற அதே மனிதர்தான்.

"இஞ்சரும், உந்த யன்னலை ஒருக்காத் திறவும்" என்பார் என் கணவர், விரத முகத்தோடு. யன்னலைத் திறந்தால் வாசம் நாங்கள் இருக்கும் லொங்குய்ய் நகரம் முழுக்கப் போகும். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரப் பெண்மணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, போன்ஜூர் சொல்லி, எங்கள் வீட்டில் காஸ் எதுவும் கசிகிறதா என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். கசிவது காஸ் இல்லை, எங்கள் குடும்பத்தின் மானம் என்று சொல்லுமளவுக்கு என் பிரெஞ்சு போதவில்லை. நான் சிரித்து மெர்சி சொன்னேன்.

அந்தக் கருவாட்டுக்குப் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது.

அப்பாவின் தகப்பனார் ஒரு பாய்க்கப்பலின் தண்டையல். கப்பலை நடத்திப் போகிறவரை எங்கள் கரையில் அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தின் வடகரையில் எங்கள் ஊர்க் கடற்கரை மணலிலேயே கட்டிய கப்பல் அது. வன்னியிலிருந்து வந்த வேம்பிலும் இலுப்பையிலும் செய்தது. இரண்டு பாய்மரங்கள். கடலில் இறக்கிய நாளில் தேர் இழுப்பதுபோல ஊரே வடம் பிடித்ததாம். ஒன்பது பேர் ஏறிப் போவார்கள். அதற்கு ஓர் அம்மனின் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை அப்பா வாய்விட்டுச் சொல்வதில்லை, அதனால் நானும் எழுதவில்லை.

போகும்போது புகையிலையும் கூரைக்குப் போடும் பனஞ்சலாகையும் ஏற்றிப் போகும். வரும்போது அரிசி, தேக்கு, ஓடு. சோளகக் காற்று தொடங்கினால் வடக்கே போவார்கள், வாடைக்காற்று வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். காற்றுத்தான் அவர்களுக்குக் கலண்டர். வாடை தொடங்கிவிட்டால் ஊரில் பெண்களுக்கு வேலை ஓடாதாம். எதையாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்வருவார்களாம்.

பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கேயிருந்து வந்த அரிசி நின்றுபோனது. நீராவிக் கப்பல்களை எல்லாம் யுத்தத்துக்கு இழுத்துவிட்டார்கள். கிழடு தட்டியது என்று ஒதுக்கி வைத்த பாய்க்கப்பல்களுக்கு ஒரேயடியாக மவுசு கூடிவிட்டது. ஆந்திரக் கரைக்குப் போய் அரிசி ஏற்றி வந்தால்தான் ஊரில் உலை கொதிக்கும் என்ற நிலைமை. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகள் திரிகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். "பாய்க்கப்பலுக்கு ஆர் குண்டை வீணாக்கப் போறான்?" என்று தண்டையல் கேட்டாராம். கேட்டுவிட்டுச் சோளகத்தோடு போனார்.

அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். அந்தக் காலையைப் பற்றி அவருக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். மரக்கப்பலின் அடிப்பலகைக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள். தண்டையல் அந்தக் கையோடு பிள்ளையைத் தூக்கிவிட்டார், புதுச் சட்டையில் எண்ணெய் பிரண்டுவிட்டது. "உந்தக் கையோட பிள்ளையைத் தூக்காதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்றது" என்று மனைவி ஏசினாள். தண்டையல் சிரித்துக்கொண்டே படகில் ஏறிக் கப்பலுக்குப் போனார். கணவனிடம் அவள் கடைசியாகப் பேசியது அந்த எண்ணெய்க் கறையைப் பற்றித்தான்.

வாடைக்காற்று வந்தது. கப்பல் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவை கதைகள். ஆந்திரக் கரையை விட்டு அரிசியோடு புறப்பட்டதைத் தான் கண்டதாக வேறொரு கப்பல்காரர் சொன்னார். தூரத்தில் புகை தெரிந்ததாக இன்னொருவர் சொன்னார். அது புயலாக இருக்கும் என்றார் மூன்றாமவர். நீர்மூழ்கிக்காரன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ரங்கூனில் சிறை வைத்திருக்கிறான் என்றும், தாடி வளர்த்த தண்டையலை அங்கே கண்டவர்கள் உண்டு என்றும் பேச்சு வந்தது. யாரும் தன் கண்ணால் கப்பல் மூழ்குவதைப் பார்க்கவில்லை. கப்பல்காரர் குடும்பங்களில் அது பெரிய விஷயம். கண்டவன் வந்து சொல்லும்வரை செத்தவீடு நடத்துவதில்லை.

யுத்தம் முடிந்தும் யாரும் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். இனியும் பொறுக்க முடியாது, வருகிற ஆடி அமாவாசையன்று ஒன்பது பேருக்கும் கடற்கரையில் ஒன்றாகக் கிரியை செய்துவிடுவோம். எட்டு வீட்டுப் பெண்கள் அன்று பொட்டை அழித்து, தாலியைக் கழற்றி, வெள்ளைச் சேலை உடுத்தினார்கள். ஒன்பதாவது வீடு தண்டையலுடையது. அவர் மனைவி போகவில்லை.

அவள் வீட்டில் இருந்து சமைத்தாள். அமாவாசைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை, பச்சை மீன் கிடைக்காது. அதனால் கருவாடு. முற்றத்தில் அடுப்பு மூட்டி, ஊருக்கெல்லாம் மணக்க மணக்கப் பொரித்து, மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறினாள். தகப்பன் இல்லாத பிள்ளைகள் அன்று விரதம் இருக்கும். தன் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அது. அடுத்த வருடமும் பொரித்தாள். அதற்கடுத்த வருடமும்.

எனக்கு அவளை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எட்டுப் பெண்களின் இடத்தில் நின்று பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஒரே கப்பலில் போனவர்களின் மனைவிமார் தாங்கள் வெள்ளைச் சேலையில் நிற்க, அவள் மட்டும் காசளவு பொட்டோடு கடைத்தெருவில் நடந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அந்த எட்டில் ஒருத்தி. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் வேலிக்கு அங்கால் நின்று, "என்ன, இண்டைக்கும் கருவாடோ?" என்று கேட்பாளாம்.

"ஓம். அவருக்கு விருப்பம்" என்பாளாம் இவள்.

கலியாண வீடுகளில்தான் பெரிய சங்கடம். மணமக்களுக்கு ஆலத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்கள் இரண்டு பேர் வேண்டும். அவளைக் கூப்பிடலாமா, கூடாதா என்று ஊர் இரண்டுபட்டது. பாதிப் பேர் கூப்பிட்டார்கள். மீதிப் பேர் தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஆலத்தி நேரம் பார்த்து அவளைக் குசினிக்குள் ஏதோ ஒரு வேலைக்கு அனுப்பினார்கள். அப்பா சிறுவனாக அதைப் பார்த்திருக்கிறார். "அவவுக்கு விளங்கும். விளங்கினாலும் தேங்காய் திருவிக்கொண்டு இருப்பா" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அவள் நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டாள். செத்தவீட்டன்றும் சண்டை வந்தது. கணவன் இருக்கும்போது மனைவி போனால் கூறைச் சேலை உடுத்தி, குங்குமம் வைத்து அனுப்புவார்கள். உடுத்த வந்த பெண்கள் வெள்ளையா, கூறையா என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். அப்பா அப்போது தபால் கந்தோரில் வேலை செய்யும் இளைஞன், எதிர்த்துப் பேசத் தெரியாதவர். கிரியைக்கு வந்த ஐயர், "தகப்பனார் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

"கடலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை" என்றார் அப்பா.

கூறை உடுத்தி, காசளவு பொட்டோடு அவளை எடுத்துப் போனார்கள்.

இவ்வளவும் எனக்கு அப்பா துண்டு துண்டாகச் சொல்லித் தெரிந்தவை. அவர் தன் தகப்பனை அப்பு என்றும், தாயை அம்மா என்றும் சொல்வார். என் தாயார் காலமான பிறகு நான்தான் அவரை இங்கே கூப்பிட்டேன். வந்த நாளிலிருந்து தினமும் ஆற்றங்கரைக்கு நடந்து போய், அக்கரையில் மொன்றியல் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் படகில் ஏறமாட்டார். கோடையில் பழைய துறைமுகத்துக்குப் படகு ஓடுகிறது, அழகான பயணம். "காலாலை நடக்கேலாத இடத்துக்கு நான் வரேல்லை" என்பார். தண்டையலின் மகன்.

என் கணவர் துறைமுகத்திலிருந்து கொன்ரெயினர் இழுக்கும் ட்ரக் ஓட்டுகிறார். கடலைக் காணாத தோட்டக்கார ஊரில் பிறந்தவர். அவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்பார்:

"தம்பி, இண்டைக்கு என்ன கப்பல் வந்தது?"

"மாமா, நான் பெட்டியைத்தான் காணுறனான். கப்பலை ஆர் பாத்தது?"

அப்பா தலையை ஆட்டிக்கொண்டு போவார். கப்பலடியில் நின்று உழைத்துவிட்டுக் கப்பலைப் பார்க்காமல் வருகிற மனிதனை மருமகனாக எடுத்த கவலை அவர் முகத்தில் தெரியும்.

நான் கணினியில் தேடிப் பார்த்திருக்கிறேன். அந்த யுத்தத்தில் மூழ்கிய பெரிய கப்பல்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எங்கள் மணலில் கட்டிய இரண்டு பாய்மரத்துக் கப்பலைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதுவதற்கு அதைப் பார்த்தவன் ஒருவன் இருக்கவேண்டுமே.

போன வருடக் கோடையில் அப்பாவைப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன். மஞ்சள் கோட்டு மெற்றோவில்தான், ஆற்றுக்கு அடியால். தண்ணீருக்குக் கீழே போவது அவருக்குப் பிரச்சினை இல்லை, மேலே போவதுதான் பிரச்சினை. துறைமுகத்தின் ஓரத்தில் உயரமான வெள்ளை மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழே நின்று, இது எதற்குக் கட்டினது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்ற பெண்பிள்ளையிடம் கேட்டேன். என் பிரெஞ்சு நான் வேலை செய்யும் கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், படித்தது, மூன்று வயதுக்காரரோடு மல்லுக்கட்ட அது போதும். அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். யுத்தத்தில் கடலோடு போன மாலுமிகளின் நினைவாகக் கட்டியது. சண்டைக்காரர் இல்லை, யுத்த நேரத்தில் சாமான் ஏற்றிப் போன சாதாரணக் கப்பல்களில் வேலை செய்தவர்கள்.

நான் அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் அண்ணாந்து அந்த மணிக்கூட்டை நெடுநேரம் பார்த்தார். கழுத்து நோகும் அப்பா, வாங்கோ என்றேன். வந்தார். மெற்றோவில் உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"உவங்கள் தங்கட ஆக்களுக்கு மணிக்கூடு கட்டி வைச்சிருக்கிறாங்கள். நான் அப்புவுக்கு ஒரு கை தண்ணி விடேல்லை."

லொங்குய்ய் வந்தது, இறங்கினோம்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியது. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தார். மருந்துகள் கூடின, ஆற்றங்கரை நடை குறைந்தது. ஆடி மாதம் நெருங்க, ஒருநாள் காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார்:

"பிள்ளை, இந்தமுறை கருவாடு வாங்காதை. நான் விரதம் பிடிக்கப் போறன்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நல்ல கோபம்தான் வந்தது. நான் பார்த்தேயிராத ஒரு பெண்ணின் பக்கம் நின்று என் அப்பாவோடு சண்டை பிடித்தேன்.

"அப்ப அவ அவ்வளவு காலமும் முற்றத்தில அடுப்பு மூட்டினது என்னத்துக்கு? ஊர் முழுக்க ஒரு பக்கம் நிக்க அவ தனிய நிண்டவ. இப்ப நீங்கள் போய் எள்ளுத் தண்ணி விட்டா, அவ விசரி எண்டு ஆகாதோ?"

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போனது.

"அது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ?" என்றார். "நான் தண்ணி விட்டா, அம்மா வைச்ச பொட்டு பொய்யெண்டு போயிடும். விடாட்டி, அப்பு தண்ணியில்லாமல் கிடப்பார். எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. நான் போனா, பிறகு அவருக்கு ஆர்? ரெண்டு பேரில ஒராளைத்தான் நான் காப்பாத்தலாம், பிள்ளை. அம்மாவை இவ்வளவு காலம் காப்பாத்திப் போட்டன்."

நான் சண்டையை அத்தோடு நிறுத்தினேன். ஆனால் என் பிடிவாதமும் லேசில் போகிற சாமான் இல்லை. அந்தக் கிழமை தமிழ்க் கடைக்குப் போனபோது ஒரு பைக்கற் கருவாடு வாங்கி, பிரீசரில் பட்டாணிக்குக் கீழே ஒளித்து வைத்தேன். கடைசி நேரத்தில் மனம் மாறினால் வீட்டில் இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணவர் யாரோடும் ஒன்றும் கதைக்காமல் போய், காத்தோட்டிக்காய் இரண்டு பங்கு வாங்கி வந்தார்.

ஆடி அமாவாசைக்குக் கோயில்காரர் மொன்றியலின் லாசால் பகுதியில் ஆற்றோரப் பூங்கா ஒன்றில் இடம் எடுத்திருந்தார்கள். காலையிலேயே நல்ல வெயில். வேட்டி கட்டிய ஆண்கள் வரிசையாக நின்றார்கள், நாய் கூட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் எங்களைப் பார்த்துத் தலையசைத்துப் போனார்கள். அங்கே ஆறு பாறைகளில் விழுந்து இரைந்துகொண்டு ஓடும். அப்பா என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குப் பக்கத்தில் போனார்.

"தம்பி, இந்தத் தண்ணி கடலுக்குத்தானே போகுது?"

"ஓம் மாமா. எங்கட துறைமுகத்தடியாலைதான் போகுது."

"நீர் அதையாவது கவனிச்சிருக்கிறீர்" என்றார் அப்பா.

ஐயர் இளவயதுக்காரர். வேட்டிக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து. நிறையப் பேர் காத்திருந்ததால் வேகமாகத்தான் கேட்டார்: பெயர், நட்சத்திரம், எப்போது தவறியவர். என் கணவர் சொன்னார், எள்ளும் தண்ணீரும் விட்டார், எழும்பினார். அப்பாவால் தரையில் உட்கார முடியாது. ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, முன்னால் ஒரு தாம்பாளம் வைத்தோம்.

"தகப்பனாரின்ர பேர்?"

அப்பா சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நட்சத்திரம் தெரியவில்லை என்றார். பரவாயில்லை என்றார் ஐயர்.

"எப்ப மோசம் போனவர்?"

அப்பா தாம்பாளத்தைப் பார்த்தார். நான் கதிரைக்குப் பின்னால் நின்றேன். எந்த வருடத்தைச் சொன்னாலும் அந்த வருடத்திலிருந்து அப்பாவின் தாய் வைத்த பொட்டு அழிந்துவிடும். யுத்தத்தையும் கப்பலையும் நானே எடுத்துச் சொல்லி, ஐயரை ஏதாவது ஒரு வழி கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மாவுக்குப் பிறகு" என்றார் அப்பா.

"அம்மா எப்ப?"

"அது கனகாலம், ஐயா. இவ பிறக்க முந்தி." என்னைக் காட்டினார். "அம்மாதான் முதல் போனவ. அப்பு பேந்துதான்."

"அப்ப அம்மா சுமங்கலியாய்ப் போனவ" என்றார் ஐயர். யாருக்கும் ஆறுதலாக அல்ல, சும்மா தனக்குள் சொல்லிக்கொண்டு, டப்பாவைத் திறந்து எள்ளு எடுத்தார்.

"ஓம்" என்றார் அப்பா. "பொட்டோட போனவ."

ஐயர் எள்ளை அவர் உள்ளங்கையில் போட்டுத் தண்ணீர் வார்த்தார். அவர் தகப்பனின் பெயரைச் சொல்லி மூன்று தடவை விட்டார். நான் அழுதேன். அந்த வரிசையில் நின்றவர்கள், செத்துப்போன தகப்பனுக்காக அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நான் அழுதது குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்காக. ஊரில் பாதிப் பேர் கடைசிவரைக்கும் கொடுக்காத சொல்லை, முன்பின் தெரியாத ஒருவர் லாசால் ஆற்றங்கரையில் வைத்துப் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போனார்.

தாம்பாளத்துத் தண்ணீரை என் கணவர் ஆற்றில் கொண்டுபோய் ஊற்றினார். அப்பா கதிரையில் இருந்தபடி அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் வரும்போது கேட்டேன்.

"அப்பா, உப்பிடிச் சொல்றதெண்டு யோசிச்சு வைச்சிருந்தனீங்களோ?"

"இல்லை. ஐயர் கேட்டார், சொன்னன்."

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்தில் ஏறியதும் ஆறு தெரிந்தது, தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்களும் தெரிந்தன.

"நான் பொய் சொல்லேல்லை, பிள்ளை" என்றார். "அம்மா சாகிற வரைக்கும் அவர் வருவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவ. அவ பாத்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அவர் இருந்தவர்தானே. பிறகுதான் ஒருத்தரும் பாக்கேல்லை."

அன்று எங்கள் சமையலறை இரண்டாகப் பிரியவில்லை. ஒரே அகப்பை போதுமாக இருந்தது. எனக்கு ஏதோ வேலை பாதியில் நிற்பது போலவே இருந்தது. அடுப்பின் வலது பக்கத்தை அடிக்கடி பார்த்தேன். அப்பாவும் மருமகனும் எதிரெதிரே இருந்து சாப்பிட்டார்கள். அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாகக் காத்தோட்டிக்காயை வாயில் வைத்தார். வைத்ததும் முகம் கோணலாகப் போனது.

"உதையோ நீர் வருசா வருசம் பேசாமல் தின்னுறனீர்?" என்று மருமகனைக் கேட்டார்.

"உங்கட கருவாட்டு மணத்தோட தின்னேக்க கசப்புத் தெரியிறேல்லை, மாமா" என்றார் என் கணவர். அப்பா சிரித்தார். நான் அவரை அப்படிச் சிரிக்கப் பார்த்துக் கனகாலம். மிச்சக் காயையும் விடாமல் தின்று முடித்தார்.

கை கழுவிவிட்டு வந்தவர் சமையலறை வாசலில் நின்றார்.

"பிள்ளை, அந்தப் பட்டாணிக்குக் கீழ ஒரு பைக்கற் கிடக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். காலுக்கு ஐஸ் வைக்கிற பையை எடுக்கப் போனபோது கண்டிருக்கிறார். கண்டும் ஒரு கிழமையாக ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"அதை நாளைக்குப் பொரி" என்றார். "அம்மா ஊருக்கெல்லாம் மணக்கப் பொரிச்ச மாதிரி, யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு பொரி."